டிக்கெட்டில் ஒரு யூரோ, மாத்திரையில் ஸ்ட்ராபெரி மணம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடா போக வேண்டுமென்றால் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம்தான். தூத்தூர்ப் பக்கத்திலிருந்து பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவரின் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைக் கட்டணம், 'கே3' என்ற குறியீட்டில் 5 சதவீத ஜிஎஸ்டி, விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். பாரிஸில் விமானம் ஏறுகிறவரின் டிக்கெட்டில் இன்னொரு வரியும் சேரும். ஏழை நாடுகளின் மருந்துச் செலவுக்கென்று 2006 ஜூலையில் பிரான்ஸ் தொடங்கிய வரி அது. அன்றைய அதிபர் ழாக் சிராக்கும் பிரேசிலின் லூலாவும் இந்த யோசனையை முன்னின்று வளர்த்தவர்கள்.

தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குள் சாதாரண வகுப்புக்கு 1 யூரோ, பிசினஸ் வகுப்புக்கு 10. வெளிநாட்டுத் தொலைதூரப் பயணத்துக்கு 4, 40. பயணி எந்த நாட்டவர் என்பது கணக்கில் இல்லை. எங்கே ஏறுகிறார் என்பதே கணக்கு. பாரிஸில் விமானம் மட்டும் மாறிப் போகிறவருக்கு விலக்கு உண்டு. விமான நிறுவனம் டிக்கெட்டோடு வசூலித்து அரசுக்குக் கட்டிவிடும். தனியாக ஒரு வசூல் அலுவலகமே தேவைப்படவில்லை.

எரிபொருள் மேல் ஏன் போடவில்லை? சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி, வந்திறங்கும் விமானத்தின் தொட்டியில் இருக்கும் எரிபொருளுக்குத் தீர்வை கேட்க முடியாது. அங்கே நிரப்பிக்கொள்ளும் எரிபொருளுக்கும் நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு விலக்கு கொடுத்துக்கொண்டன. டிக்கெட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தென்கொரியா, சிலி, மொரீஷியஸ், நைஜர் போன்ற நாடுகளும் தத்தம் அளவில் சேர்ந்தன.

பணத்தைச் செலவழிக்க 2006 செப்டம்பரில் ஜெனீவாவில் 'யுனிட்எய்ட்' என்ற அமைப்பு உருவானது. சுவாரசியமே இங்கேதான் இருக்கிறது. எச்ஐவியோடு பிறக்கும் குழந்தைகள் பணக்கார நாடுகளில் மிகக் குறைவு. இருக்கும் இடங்களிலோ வாங்கக் காசில்லை. ஆகவே குழந்தைக்கேற்ற மருந்தைச் செய்ய நிறுவனங்களுக்கு ஆர்வமில்லை. பெரியவர்களின் மாத்திரையை உடைத்து, அளவைக் குத்துமதிப்பாகக் கொடுத்த காலம் அது. நன்கொடை ஒரு வருடம் வரும், மறு வருடம் வராது. அதை நம்பி யார் தொழிற்சாலையில் புது இயந்திரம் வைப்பார்கள்? விமானங்கள் பறக்கும்வரை டிக்கெட் வரி வந்துகொண்டிருக்கும். கடைத்தெருவில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் நடத்திய கணக்குதான் இது. நிச்சயமான பணத்தைக் காட்டி மொத்தமாக வாங்குவோம் என்று சொன்னதும் பொது மருந்து (ஜெனரிக்) தயாரிப்பாளர்கள் முன்வந்தார்கள், விலையும் இறங்கியது. 2020 இறுதியில் டொலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து குழந்தைகளுக்காகத் தண்ணீரில் கரையும் ஸ்ட்ராபெரிச் சுவை மாத்திரையாக வந்தது. யுனிட்எய்டும் கூட்டாளிகளும் பேசி முடித்த விலையால் ஆண்டுச் சிகிச்சைச் செலவு சுமார் 75 சதவீதம் குறைந்தது. அதைத் தயாரிக்க முன்வந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று மும்பையின் மேக்லியாட்ஸ்.

ஓட்டையும் இருக்கிறது. வரி ஒரு பெயரில் பிறந்து வேறு பைக்குப் போய்விடும். 2025 மார்ச்சில் பிரான்ஸ் ஐரோப்பியப் பயணத்துக்கான சாதாரண வகுப்பு வரியை 2.63 யூரோவிலிருந்து 7.40 ஆக உயர்த்தியது. உயர்வு அரசின் பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்க; மருந்துக்கல்ல.

அதே ஆண்டு ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த ஐ.நா. வளர்ச்சி நிதி மாநாட்டில் பிரான்ஸ், கென்யா, பார்படோஸ், ஸ்பெயின் உள்ளிட்ட நாடுகள் பிசினஸ், முதல் வகுப்புப் பயணிகளையும் தனியார் ஜெட் விமானங்களையும் குறிவைத்து வரி போட ஒரு கூட்டணி தொடங்கின. எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது. பஹ்ரைன் போகும் தொழிலாளி வருகிற சம்பளத்தில் முதலில் டிக்கெட் கடனைத்தான் அடைக்கிறார். அவர் தலையில் நாலு யூரோ ஏற்றுவதும், கால் நீட்டிப் படுத்துப் பறக்கிறவரிடம் நாற்பது கேட்பதும் ஒன்றல்ல. இந்தியா ஏற்கெனவே ஜிஎஸ்டியில் இந்த வகுப்பு வேறுபாட்டைப் பார்க்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் சாதாரண வகுப்புக்கு 5 சதவீதம், அதற்கு மேலானவற்றுக்கு 18.