மடக்கு சைக்கிள்: எங்கே மடிகிறது என்பதுதான் கேள்வி

மடக்கு சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எடையைத்தான். அதற்கு முன்னால் கீல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மடித்தபின் எவ்வளவு இடம் அடைக்கும், ஓட்டும்போது எங்கே ஆட்டம் கொடுக்கும் என்பதை அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இயற்பியலாளர் டேவிட் ஹான் 1982-இல் அமெரிக்காவில் தொடங்கிய டாஹோன் நிறுவனம் பரவலாக்கியது பாதியாக மடியும் அமைப்பை. முன்பாதி திரும்பி வந்து பின்சக்கரத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். செயின் வெளிப்பக்கம் நிற்பதால் கூட்டத்தில் அடுத்தவர் துணியில் எண்ணெய் படும். 20 அங்குலச் சக்கரம் என்றால் மடித்தபின் நீளம் ஏறத்தாழ 80 செ.மீ., உயரம் 65 முதல் 70 செ.மீ. சிங்கப்பூரில் ரயிலிலும் பேருந்திலும் கொண்டுபோக 120 × 70 × 40 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் பெடலும் ஹேண்டில்பார் நுனியும் துருத்தும் அளவையும் சேர்த்து டேப் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் லண்டனில் வடிவமைத்த பிராம்ப்டன் சைக்கிள் மூன்றாக மடிகிறது. முதலில் பின்சக்கரம் வண்டிக்கு அடியில் சுழன்று வரும். பிறகு நடுக் கீலைத் தளர்த்தி, முன்சக்கரத்தைப் பின்னால் கொண்டுவந்து கொக்கியில் மாட்ட வேண்டும். ஹேண்டில்பாரைச் சாய்த்து சீட்டை இறக்கினால் 58.5 × 56.5 × 27 செ.மீ. இறங்கிய சீட் போஸ்ட்டே, அதாவது சீட்டைத் தாங்கும் தண்டே, மடிப்பு அவிழாமல் பூட்டிவிடும். தனிப் பூட்டு எதுவும் தேவைப்படாத அருமையான யோசனை அது. செயின் இரு சக்கரங்களுக்கும் நடுவில் மறைந்துவிடும். மடிக்கும்போது தளரும் செயினை ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் இழுத்துப் பிடிக்கிறது.

ஜெர்மனியில் வடிவமைக்கப்பட்டு 1995-இல் வெளிவந்த பேர்டி சைக்கிளின் நடுச்சட்டத்தில் கீலே கிடையாது. சக்கரங்களைத் தாங்கி அதிர்வை வாங்கும் சஸ்பென்ஷன் கைகளே முன்னும் பின்னும் மடிகின்றன. அதனால் சட்டம் முறுக்காமல் விறைப்பாக நிற்கும். மடிப்பு பிராம்ப்டன் அளவு கச்சிதமாக இருக்காது.

சின்னச் சக்கரம் என்றால் மெதுவாகத்தான் போகும் என்பது சரியல்ல. 44 பல் முன்னும் 16 பல் பின்னும் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.75 சுற்று சுற்றும். சுற்றளவு 2.1 மீட்டர் உள்ள பெரிய சக்கரம் அதில் 5.8 மீட்டர் போகும், 1.3 மீட்டர் உள்ள பிராம்ப்டன் சக்கரம் 3.6 மீட்டர்தான். முன்னால் 50, பின்னால் 13 என்று பல்லை மாற்றினால் இதுவே 5 மீட்டராகிறது. கியரால் ஈடுகட்ட முடியாதது குழிதான்: சக்கரம் சிறிதாக ஆக, குழியின் விளிம்பு செங்குத்தாக இடிக்கும். அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றுவதால் டயரும் சீக்கிரம் தேயும்.

டயர் வாங்கும்போது அங்குலத்தை நம்ப வேண்டாம். 16 அங்குலம் என்ற பெயரில் 305 மி.மீ., 349 மி.மீ. என வெவ்வேறு ரிம் அளவுகள் உண்டு. 20 அங்குலத்திலும் அப்படியே, 406, 451 என. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 35-349 என்பது போல அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டான ஹேண்டில் போஸ்ட்டின் அடியிலுள்ள கீலுக்கு. கீலுக்கு 40 செ.மீ. மேலே கைப்பிடியை 20 கிலோ விசையோடு இழுப்பதாகக் கொள்வோம். கீலின் அகலம் 4 செ.மீ. என்றால் அதன் தாழ்ப்பாள் தாங்கும் இழுவை சுமார் 200 கிலோ. கொஞ்சம் தளர்ந்தாலும் இரு முகங்களும் ஒன்றையொன்று இடித்து, ஆட்டம் நாளுக்கு நாள் கூடும்.

சோதிப்பது எளிது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கீலின் இடுக்கில் விரல் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். விரலில் அசைவு தெரிந்தால் முதலில் இரு முகங்களிலும் உள்ள மண்ணைத் துடையுங்கள். கிரீச் சத்தம் இருந்தால் அதுவும் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். அசைவு போகாவிட்டால் தாழ்ப்பாளின் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். லீவர் பாதி வழியில் கனக்கத் தொடங்கி, உள்ளங்கையால் அழுத்தினால் மூட வேண்டும். உடம்பு பாரத்தைப் போட்டு மூட வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். போல்ட் நாளடைவில் முறியலாம்.

சீட் தானாக இறங்குகிறதென்றால் போஸ்ட்டில் எண்ணெய்ப் பசை இருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அப்படியும் நழுவினால் உள்ளே போஸ்ட்டைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் உறை (புஷ்) தேய்ந்திருக்கும், அதை மாற்ற வேண்டியதுதான்.