கருத்துப்போன பாட்டில்

எங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் போன வருஷம் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு சென்னை வியாசர்பாடிப் பக்கம் தெருத்தெருவாகப் போனார்கள். பேனா மாதிரி இருக்கும் அதைக் குடத்துக்குள் விட்டால் ஒரு எண் வரும். 500-க்குக் கீழே என்றால் 'நல்ல தண்ணி', மேலே போனால் உதட்டைப் பிதுக்குவார்கள், அவ்வளவுதான் சோதனை. ஒரு பாட்டி மட்டும் மடக்கிவிட்டார். "அதெல்லாம் சரி தம்பி, இத்த குடிச்சா பேதி வருமா வராதா, அத்த சொல்லுமா உன் மிஷினு?"

சொல்லாது. அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும்தான். உப்புகள் கரைந்திருந்தால் கடத்தும், அதை வைத்து ஒரு கணக்குப் போட்டு எண்ணாகக் காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்கிறது. ருசி, பாத்திரத்தில் படியும் வெள்ளை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். காலராக் கிருமி லட்சக்கணக்கில் நீந்தினாலும் எண் அசையாது.

அப்புறம்தான் தண்ணீரில் குடல் கிருமி கலந்திருக்கிறதா என்று காட்டும் பாட்டில் சோதனைக்கு மாறினோம். 1982-இல் மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது, லேப் இல்லாத இடத்துக்கென்றே யோசித்தது. சின்ன பாட்டிலுக்குள் மடித்த காகிதத் துண்டு ஒன்று இருக்கும். கிருமிகளுக்குத் தீனியான பெப்டோன், கந்தகம் உள்ள சோடியம் தயோசல்பேட், ஓர் இரும்பு உப்பு, இன்னும் ஓரிரண்டு சேர்த்த கரைசலில் நனைத்துக் காயவைத்தது. கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் சும்மா வைத்துவிட வேண்டியதுதான்.

உள்ளே நடப்பது ஒரு விருந்து. பெப்டோனைத் தின்று கிருமிகள் பெருகும். மனிதக் குடலிலும் மாட்டுக் குடலிலும் வாழும் சில கிருமிகளுக்கு, தயோசல்பேட்டில் உள்ள கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும் பழக்கம் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அதே வாயு. அது இரும்போடு சேர்ந்ததும் இரும்பு சல்பைடு ஆகிவிடும், மை கொட்டியது போல் கருப்பு. தயோசல்பேட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அது உடனே முறித்துவிடும். இல்லையென்றால் பாட்டிலுக்குள்ளேயும் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், நமக்குப் பொய்யான நல்ல பெயர் கிடைக்கும். இந்த வேலைக்கு 30 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் நல்லது, வேறு ஊரில் இன்குபேட்டர் தேடுவார்கள், நம் ஊரில் அலமாரியே போதும்!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஈ.கோலை பொதுவாக இந்த வாயுவை உண்டாக்குவதில்லை, அதோடு கூட வரும் மற்ற குடல் கிருமிகள்தான் காட்டிக்கொடுக்கின்றன. மண்ணிலும் நிலத்தடியிலும் இருக்கும் சில அப்பாவி பாக்டீரியாக்களும் கருப்பாக்கும் என்பதால், போர்வெல் தண்ணீர் கருத்தால் உடனே பதறாமல் லேபுக்கு அனுப்ப வேண்டும்.

அந்தப் பாட்டி வீட்டிலேயே மூன்று பாட்டில் எடுத்தோம், குழாயடியில் ஒன்று, சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) ஒன்று, சமையலறைக் குடத்தில் ஒன்று. மூன்றுக்கும் டிடிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான். மறுநாள் காலை குடத்துப் பாட்டில் கன்னங்கரேல், சம்ப் பாட்டிலில் சாயங்காலத்துக்குள் காகித ஓரம் கருக்க ஆரம்பித்தது, குழாயடி பாட்டில் இரண்டு நாள் கழித்தும் அப்படியே இருந்தது. காரணம் குளோரின். வீட்டுக்கு வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் சம்ப்பின் அடியில் கிடக்கும் சகதியோடு மல்லுக்கட்டியே பாதி தீர்ந்துபோகும், திறந்த குடத்தில் மிச்சமும் காற்றோடு போய்விடும், அதற்குப் பிறகு உள்ளே விழும் ஒவ்வொரு சொம்புக்கும் அதைப் பிடித்த விரலுக்கும் காவல் கிடையாது.

குழாயும் எப்போதும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், விரிசல் இருந்தால் வெளியேதான் கசியும். சப்ளை நின்றதும் அழுத்தம் விழுந்து, பக்கத்தில் தேங்கிய சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே வரப் பார்க்கும், அந்த நேரம் பார்த்து அடிபம்பில் உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். சப்ளை வந்ததும் வரும் முதல் தண்ணீரைப் பாத்திரம் கழுவக் கூடப் பிடிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

பாட்டியிடம் பாட்டில்களைக் காட்டியபோது மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் போனால் குடம் இருந்த இடத்தில் திருகுக்குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இருந்தது, சொம்பைக் காணோம்.

கருத்த பாட்டில்களை லேபில் காட்சிக்கு வைக்கப் பிள்ளைகளுக்கு ஆசை. உள்ளே இருப்பது இரண்டு நாள் விருந்து சாப்பிட்டுக் கோடிக்கணக்கில் பெருத்த கிருமிக் கூட்டம், திறந்து முகர்ந்து பார்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, கையுறை போட்டு நானே ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினேன். கருப்பு மெல்ல வெளிறி, துருப்பிடித்த ஆணி நிறத்துக்கு வந்தது.