கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்: தயாரிப்பு நாடா, பூர்வீகமா?

ஜெர்மன் நிறுவனமான லைக்காவின் டி-லக்ஸ் 7 கேமரா முகப்பில் அதன் சின்னமான சிவப்பு வட்டம், அடியில் ‘மேட் இன் சைனா’. அதே நிறுவனத்தின் எம்11-இல் ‘மேட் இன் ஜெர்மனி’. ஜப்பானிய நிக்கானின் உச்ச மாடலான இசட்9-இல் ‘மேட் இன் தாய்லாந்து’. வாங்குகிறவர் இந்த வரியைத் தரச் சான்றாகப் படிக்கிறார். பொறித்தவர்களோ அதைச் சுங்க அதிகாரிக்காகத்தான் பொறித்திருக்கிறார்கள். சுங்க ஆவணங்களில் இதன் பெயர் ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’.

‘எழு, உதி’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் ஆரிஜின். சூரியன் உதிக்கும் திசையைச் சொல்லும் ‘ஓரியன்ட்’டும் அதே வேர்தான். அகராதியைப் பிரித்துத் தமிழாக்கினால் ‘தோற்ற நாடு’, ‘மூல நாடு’, ‘பிறப்பிட நாடு’ என்று வரும். மூன்றும் இடறுகின்றன. ‘தோற்றம்’ கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பிறந்த தேதி, மற்ற இடங்களில் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது. ‘மூலம்’ என்றதும் நினைவுக்கு வரும் விளம்பரப் பலகைகளை விட்டுவிடுவோம். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை இந்த முத்திரை சொல்வதே இல்லை என்பதுதான் பெரிய இடைஞ்சல். ‘பிறப்பிடம்’ கொஞ்சம் நெருங்குகிறது. ஆனால் ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் ஒரு நாட்டிலும் ஷட்டர் இன்னொரு நாட்டிலும் செய்யப்பட்ட பொருளுக்குப் பிறப்பிடம் எது?

இந்த வழக்கம் ஓர் எச்சரிக்கையாகத்தான் தொடங்கியது. 1876 ஃபிலடெல்ஃபியா உலகப் பொருட்காட்சிக்குப் போன ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரான்ஸ் ராய்லோ, தம் நாட்டுச் சரக்கை ‘மலிவு, மட்டம்’ என்றே எழுதினார். கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பெயரைப் போட்ட, ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகள் பிரிட்டனில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டத்தைக் கொண்டுவந்து, உள்நாட்டுப் பொருள்போலத் தோன்றும் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. வாங்குகிறவர் ஒதுங்கிப் போகட்டும் என்று போட வைத்த ‘மேட் இன் ஜெர்மனி’யைத் தேடி வாங்கும் நிலை சில பத்தாண்டுகளில் வந்துவிட்டது. கேமரா சேகரிப்பாளர்கள் இதே திருப்பத்தை வேறொரு வாசகத்தில் பார்த்திருப்பார்கள். 1948இல் வந்த முதல் நிக்கானின் அடித்தகட்டில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது) என்று பொறித்திருக்கும். ஏற்றுமதிக்காக அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் போட வைத்த வாசகம் அது. இன்று அந்த வாசகம் இருந்தால் விலை எகிறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியச் சுங்கச் சட்டத் தொகுப்பின் 60ஆவது பிரிவுப்படி, முழுக்க ஒரே நாட்டில் கிடைத்த பொருள் அந்த நாட்டுடையது. பல நாடுகளில் வேலை நடந்திருந்தால், கணிசமான கடைசி வேலை நடந்த நாடுதான் கணக்கு. அந்த வேலை பொருளாதார ரீதியில் நியாயமானதாக, அதற்கென வசதியுள்ள தொழிற்கூடத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு புதுப்பொருள் வர வேண்டும், இல்லையென்றால் அது தயாரிப்பின் முக்கியக் கட்டமாகவாவது இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் அளவுகோல் 1908இல் ஒரு பீர் நிறுவன வழக்கில் உருவானது. ஸ்பெயினிலிருந்து வந்த கார்க்குகளைக் கழுவி, உலர்த்தி, பீரின் சுவை கெடாதபடி பூச்சுக் கொடுத்த ஆன்ஹைசர்-புஷ், அதை அமெரிக்கத் தயாரிப்பாகக் கருதி, கட்டிய வரியைத் திருப்பித் தரச் சொன்னது. தனக்கென்று ஒரு பெயரோ தன்மையோ பயனோ உள்ள புதுப்பொருள் வந்தால்தான் தயாரிப்பு, இங்கே கார்க் கார்க்காகவே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஜெர்மனியில் ‘மேட் இன் ஜெர்மனி’ முத்திரைக்கு முன்அனுமதி தரும் அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. நிறுவனம் தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். பொய்யென்றால் போட்டியாளர் வழக்குப் போடலாம். 2014இல் உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கு ஆணுறை பற்றியது. வெளிநாட்டில் செய்த உறைகளை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து ஈரப்பதம் ஏற்றி, அடைத்து, மூடி, தரப் பரிசோதனை செய்தார்கள். போதாது என்றது நீதிமன்றம். பொருளுக்கு அதன் முக்கியக் குணத்தைத் தரும் கட்டம் ஜெர்மனியில் நடந்திருக்க வேண்டும். பரிசோதனையைத் தயாரிப்பாகக் கணக்கில் எடுக்க முடியாது. ‘ஃபைனல் செக்கிங் ஜெர்மனியில்தான்’ என்று கேமரா விற்பவர் சொல்லும்போது இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளலாம்.

கேமராவில் அந்த முக்கியக் கட்டம் எது என்பதற்கு லைக்கா எம் நல்ல பாடம். 1973 முதலே லைக்காவுக்குப் போர்ச்சுகலின் ஃபமாலிக்கோவில் தொழிற்சாலை உண்டு. எம் வரிசையின் பாகங்களும் துணைத்தொகுதிகளும் பெருமளவு அங்கே தயாராகி ஜெர்மனியின் வெட்ஸ்லரில் உள்ள தலைமையகத்துக்கு வருகின்றன. வெட்ஸ்லரில் கடைசிக் கோப்பு வேலையும் சரிக்கட்டலும் நடக்கும். லென்ஸ் மாட்டும் வளையத்தின் முகத்திலிருந்து சென்சார்வரை 27.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலும், சென்சார் ஒரு பக்கம் சாய்ந்தாலும், முழுக்கத் திறந்த அப்பெர்ச்சரில் (லென்ஸின் ஒளித் துளையில்) படத்தின் ஓரம் மங்கும். ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டைப் பிம்பம் அருகிலும் தூரத்திலும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். இந்த வேலை முடியாதவரை அது பாகங்களின் குவியல். முடிந்த பிறகுதான் கேமரா. ஆகவே அந்த முத்திரை பொய்யில்லை. ஆனால் பெருமளவு போர்ச்சுகல்காரர்களின் கையில் புழங்கிய பொருள் என்பதை அது சொல்லவும் இல்லை. ஃபமாலிக்கோவிலேயே முடியும் லைக்கா பைனாகுலர்களில் நேர்மையாக ‘மேட் இன் போர்ச்சுகல்’ என்றே இருக்கும்.

படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் சென்சார் பெரும்பாலும் முத்திரையில் இருக்கும் நாட்டுடையது அல்ல. லைக்கா எம்9-இல் இருந்தது அமெரிக்காவின் கோடாக் சென்சார். அடுத்து வந்த எம் டைப் 240-இன் சென்சாரை வடிவமைத்தது பெல்ஜியத்தின் சிமோசிஸ், வார்த்தது பிரான்ஸின் கிரனோபிளில். எம்9 சென்சாரின் மேல்கண்ணாடி நாளடைவில் அரித்துப் படத்தில் புள்ளி விழுந்தது; 2014இல் லைக்காவே ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. பழைய எம்9 வாங்கும்போது ‘ஜெர்மனி’ என்ற சொல்லைப் பார்ப்பதைவிட, லென்ஸ் துளையை எஃப்/16 என்று சிறிதாக்கி வெறும் வானத்தைப் படமெடுத்து, 100 சதவீதத்தில் பெரிதாக்கி வட்டப் புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பது உருப்படியான வேலை.

நாடு மாறினால் தரம் மாறுமா? ரோலை 35 என்ற சின்ன ஃபிலிம் கேமரா 1966இல் ஜெர்மனியில் வந்து, 1970களின் தொடக்கத்தில் கூலி குறைவென்று சிங்கப்பூருக்குப் போனது. வடிவமைப்பு அதேதான். இன்றும் ஜெர்மன் பீஸுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். படமெடுக்கிறவருக்கு அந்தப் பணம் வீண். லைக்கா எம்4-பி கனடாவின் ஒன்டாரியோவில் மிட்லண்டில் தயாரானது. லென்ஸ் வடிவமைப்பாளர் வால்டர் மண்ட்லரின் எஃப்/1 நாக்டிலக்ஸ் லென்ஸும் அங்கே உருவானதே. நிக்கான் 2021க்குள் ஜப்பானின் செண்டாய் ஆலையிலிருந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) தயாரிப்பைத் தாய்லாந்துக்கு மாற்றிவிட்டது. ஃப்யூஜியின் எக்ஸ்100வி ஜப்பானில் தயாரானது. 2024இல் வந்த எக்ஸ்100 ஆறாம் மாடல் சீனாவுக்குப் போனது.

பெயர் தனியே பயணிக்கும் கதையும் உண்டு. 1756இல் வியன்னாவில் தொடங்கிய ஃபோக்ட்லண்டர் பெயரில் இன்று லென்ஸ் செய்வது ஜப்பானின் நாகானோ மாவட்டத்து கோசினா. ஜெர்மனியின் ஸைஸ் பெயர் போட்ட இசட்எம் வரிசை லென்ஸ்களில் இரண்டைத் தவிர மற்றவை கோசினா செய்தவை. ஸ்வீடன் ஹாசல்பிளாட்டின் எக்ஸ்பேன் கேமராவைச் செய்தது ஃப்யூஜி. ஜப்பானில் அதே கேமரா ஃப்யூஜி டிஎக்ஸ்-1 என்று விற்றது.

ஆகத் தமிழில் இரண்டு சொல் வேண்டும். பெயர் எந்த மண்ணில் வேர்விட்டதோ அது பூர்வீகம்: லைக்காவுக்கு வெட்ஸ்லர், ஃபோக்ட்லண்டருக்கு வியன்னா. நம்மவர்களிடம் ‘பூர்வீகம் தஞ்சாவூர், பிறந்தது சென்னை’ என்று சொல்லும் வழக்கம் இருக்கும்போது இந்த வேறுபாடு விளக்காமலே புரியும். முத்திரையில் இருப்பதற்குத் ‘தயாரிப்பு நாடு’ போதும். சட்டப் பொருளைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உருப்பெற்ற நாடு’ என்று எழுதலாம். கார்க் வழக்கு கேட்டதும் அதைத்தான்: எங்கே உருப்பெற்றது? ‘டிசைன்ட் இன்’ என்றால் வடிவமைப்பு நாடு. தயாரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ‘அசெம்பிள்டு இன்’ என்றால் கோத்த நாடு.

வாங்கும்போது பாடியின் அடித்தகட்டைப் பாருங்கள். மடக்கித் திருப்பும் திரை உள்ள மாடல்களில் திரைக்குப் பின்னாலும் பாருங்கள். லென்ஸுக்குத் தனி நாடு உண்டு, கேமராவில் மாட்டும் வளையமான மவுன்ட்டுக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும். பேட்டரியிலும் சார்ஜரிலும் வேறு நாடு இருந்தால் பதற வேண்டாம். அவை தனிப் பொருள்கள். பழைய கேமராவில் அடித்தகடு கழற்றி மாற்றக்கூடியது என்பதால் சீரியல் எண்ணோடு ஒப்பிடாமல் ‘ஜப்பான் பீஸ்’ என்ற பேச்சை நம்பக் கூடாது.

பார்கோடைப் பார்த்து நாடு சொல்வது பரவலான பிழை. 45, 49 என்று தொடங்கினால் ஜப்பான், 890 என்றால் இந்தியா என்பார்கள். அந்த எண் நிறுவனம் எந்த நாட்டில் பார்கோடு பதிவு செய்தது என்பதை மட்டும் காட்டும். தாய்லாந்தில் தயாரான சோனி கேமராப் பெட்டியில் 45இல் தொடங்கும் எண் இருப்பது வழக்கமானதே.

இந்தியாவில் முறையாக இறக்குமதியான பெட்டியில் தயாரிப்பு நாடு, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை கொண்ட ஸ்டிக்கர் இருந்தாக வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகள் இதைக் கேட்கின்றன. தயாரிப்பு நாட்டைத் தனியே எழுதுவது 2018 ஜனவரி முதல் கட்டாயம். பாடியில் ‘மேட் இன் ஜப்பான்’ பளிச்சென்று இருந்து, பெட்டியில் இந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் அது முறையான இறக்குமதியாளர் வழியாக வராத கிரே மார்க்கெட் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு இங்குள்ள சர்வீஸ் சென்டரில் வாரண்டி கிடைக்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே சீரியல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.