ரோட்டில் போனது ஒன்றே முக்கால் மணி நேரம்தான்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு ஊர். பதினைந்து வயதுப் பையன். (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அதிகாலை 3 மணிக்கு வலி பிடுங்கி எழுப்பியிருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது ராத்திரி ஏழரை. பஸ்ஸில் வந்த நேரம் ஒன்றே முக்கால் மணி. மிச்சமெல்லாம் எங்கே போச்சு என்று அவன் அப்பாவின் மஞ்சப்பையிலிருந்த சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

காலையில் மெடிக்கலில் கேஸ் மாத்திரை. பத்து மணிக்கு ஒரு கிளினிக்கில் வயிற்றுவலி ஊசி. மதியம் இன்னொரு டாக்டர், அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்று வயிற்று ஸ்கேன் எழுதினார், ஸ்கேன் பார்க்கிறவர் வர மூணு மணி ஆனது, ரிப்போர்ட் நார்மல். மறுபடி வாந்தி எடுத்து நாலாவது இடத்துக்குப் போனபோதுதான் ஒரு நர்ஸம்மா “டவுசரைக் கழட்டுய்யா” என்றிருக்கிறார். அதுவரை யாருமே பார்க்கவில்லை. அவனும் சொல்லவில்லை. “வயித்த வலிக்கி” என்றுதான் எல்லாரிடமும் சொன்னானாம். ஏன்டே என்று கேட்டால், “அம்மாகிட்ட எப்படி சார் சொல்ல?” அம்மா சூடு என்று நினைத்துத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்திருக்கிறார்.

அவன் பொய்யும் சொல்லவில்லை. விதைக்கொட்டை முறுக்கிக்கொண்டால் (டார்ஷன் என்போம்) வலி அடிவயிற்றிலும் தெரியும், குமட்டும். விதைக்கு ரத்தம் கொண்டுபோகிற நாளம் ஒரு கயிறு மாதிரிதான், சிலருக்குப் பிறவியிலேயே விதை சரியாகப் பிடிமானம் இல்லாமல் மணியின் நாக்கு போல ஆடும், அது சுற்றிக்கொண்டால் ரத்தம் நின்றுவிடும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் நூற்றில் தொண்ணூறு விதையாவது பிழைக்கும். 12 மணி தாண்டினால் பாதிதான். ஒரு நாள் ஆகிவிட்டால் பத்துகூடத் தேறாது. இந்தக் கணக்கு பையனுக்கு வலித்த நிமிஷத்திலிருந்து ஓடுகிறது, சீட்டில் நாம் போடுகிற நேரத்திலிருந்து அல்ல.

அவனுக்குப் பதினாறரை மணி. விதை கறுத்துப்போயிருந்தது, எடுத்துவிட்டோம். இந்தப் பிடிமானக் குறை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால் மற்றதைத் தையல் போட்டு நிறுத்தினோம். பஸ் ஸ்டாண்டில் பையன் சோர்ந்துட்டான் என்று டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள், வெறும் வயிறாக இல்லாததால் மயக்க மருந்து டாக்டருக்கு அது வேறு தலைவலி. அப்பா கேட்டது ஒன்றுதான்: “சார், பின்னால இவனுக்குப் பிள்ளை குட்டி உண்டுமா?” உண்டும், ஒன்று நன்றாக இருந்தால் போதும் என்றேன்.

சக டாக்டர்களுக்கு: பத்து வயதுக்கு மேற்பட்ட பையன் திடீர் வயிற்றுவலி, வாந்தி என்று வந்தால் தயவுசெய்து கீழேயும் பாருங்கள். விதை மேலே ஏறியோ படுக்கைவசமாகவோ இருக்கிறதா? உள்தொடையை லேசாகத் தடவினால் துள்ளுகிறதா? முறுக்கில் பெரும்பாலும் துள்ளாது. இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாள் மாத்திரை எழுதி அனுப்பாதீர்கள். டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன்) கையெட்டும் தூரத்தில் இருந்தால் சரி, அதற்காகக் காக்கவைக்க வேண்டாம். அப்புறம், ரெஃபரல் சீட்டில் ‘மேல் சிகிச்சைக்கு’ என்று மட்டும் எழுதினால் அந்தக் குடும்பம் வீட்டுக்குப் போய், பணம் புரட்டி, மாமாவையும் கூட்டிக்கொண்டு சாவகாசமாகத்தான் கிளம்பும். அவர்கள் மேல் தப்பில்லை, அவசரம் என்று யாரும் சொல்லவில்லையே. வாயால் சொல்லுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், ராத்திரியிலும் ஆபரேஷன் செய்கிற இடத்துக்கே நேராக அனுப்புங்கள்.

ராதாபுரம் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டர் அப்படித்தான் ஒருநாள் போன் செய்தார். “பன்னிரண்டு வயசு, இடது பக்கம், மேல ஏறி நிக்கி, ஒம்போது மணிக்கு ஆரம்பம். ஸ்கேன் எடுக்கல, அனுப்பிட்டேன்.” ஆம்புலன்ஸ் வருவதற்குள் தியேட்டர் தயார். பன்னிரண்டரைக்குத் திறந்தோம். கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது, ஒன்றரைச் சுற்று. பிரித்துவிட்டு, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துக் காத்திருந்தோம். “முடிஞ்சுதா சார்?” என்றார் மயக்க மருந்து டாக்டர். இன்னும் அஞ்சு நிமிஷம் என்றேன். துணியை விலக்கியபோது ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கியிருந்தது.