சட்டத்துக்குள் ஒற்றை ஏடு

ஒரு தம்பதி, தங்கள் வீட்டுக் கூடத்தில் பத்து வருடம் மாட்டியிருந்த படச்சட்டம் ஒன்றை என் வேலை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இணைய ஏலத்தில் வாங்கியது. உள்ளே ஐரோப்பிய இடைக்காலச் செப நூலின் ஒற்றை ஏடு. லத்தீன் வரிகள், ஓரமெங்கும் பூங்கொடி, ஒரு பெரிய எழுத்தின் நடுவில் தங்கம். "தங்கம் உதிருதுங்க, ஒட்டித் தர முடியுமா?" என்றார் கணவர்.

முடியும், பழைய ஏடுகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். ஆனால் என் கண் தங்கத்துக்குப் போகவில்லை, இடது ஓரத்துக்குப் போனது. அங்கே தையல் துளைகளே இல்லை. கத்தி ஓடிய நேர்கோடுதான் இருந்தது. முழுப் புத்தகத்திலிருந்து அறுத்து எடுத்த ஏடு அது.

அப்படி ஓர் ஏடு உருவாக என்னென்ன வேண்டியிருந்தது என்று தெரிந்தால் அந்தக் கோடு வலிக்கும். கன்று அல்லது ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்குவார்கள். மைக்கு மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் போன்ற ஒரு பிசின். நம் நாட்டு மருந்துக் கடைக்காரருக்குப் பழக்கமான சரக்குகள்! தங்கம் வைக்கும் இடத்தில் சுண்ணச் சாந்தைக் கொஞ்சம் மேடாகப் பூசிக் காயவிடுவார்கள். பிறகு அதன்மேல் வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரத்தில் சாந்து இளகிய அந்த நொடியில் தங்க ரேக்கை வைத்து அழுத்தி, மெருகுக்கல்லாலோ நாய்ப்பல்லாலோ தேய்ப்பார்கள். விலையுயர்ந்த நீலமோ ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து வந்த லாபிஸ் லசுலி கல்லின் தூள். ஜெர்மனியின் டால்ஹைம் மடத்தில் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பற்காரையில் இந்த நீலத்தூள் இருந்ததை 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தூரிகை முனையை நாவால் கூராக்கியிருப்பார் என்பது அவர்கள் கணிப்பு. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயர் தெரியாத அந்த ஓவியர் என் சக தொழிலாளி.

அயர்லாந்தின் கெல்ஸ் நூல் என்ற சுவிசேஷ நூல் சுமார் கி.பி. 800-இல் எழுதப்பட்டது, இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 340 ஏடுகளோடு இருக்கிறது. 1007-இல் கெல்ஸ் தேவாலயத்திலிருந்து ஒரு பெரிய சுவிசேஷ நூல் களவு போனதாகவும், இரண்டு மாதமும் இருபது இரவும் கழித்து, தங்கம் பறிக்கப்பட்டு மண்ணுக்கடியில் கிடைத்ததாகவும் அந்நாட்டுப் பழைய வரலாற்றுப் பதிவான அல்ஸ்டர் ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. அது இந்த நூல்தான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அந்தத் திருடர்கள்கூட நூலை ஏடு ஏடாகப் பிரித்து விற்கவில்லை.

பிரித்து விற்றவர்கள் படித்தவர்கள். நெப்போலியன் படையெடுப்புக் காலத்தில் சிஸ்டைன் ஆலயத்திலிருந்து சூறையாடப்பட்ட பாட்டு நூல்களின் ஓவியங்களை வெட்டியெடுத்து, 1825-இல் செலோட்டி என்ற பாதிரியார் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விற்றார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஓவியக் கல்வி ஆசிரியராக இருந்த ஆட்டோ எகே, எளியவர்களும் ஓர் ஏட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளட்டும் என்று சொல்லியே பல நூல்களைக் கலைத்தார். பிரான்ஸின் பொவே நகரத் திருப்பலி நூல் 1942-இல் இப்படிச் சிதறியது. 309 ஏடுகள் இருந்த நூல் அது. நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓர் ஏடு 2022-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், வீட்டுச் சாமான் விற்பனையில் 75 டாலருக்குக் கிடைத்தது.

எகே சொன்ன நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. செப நூலின் முன்பகுதியில் இருக்கும் நாட்காட்டியில் எந்தப் புனிதரின் திருநாள் சிவப்பு மையில் இருக்கிறது என்று பார்த்தே எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்று ஊகிப்போம். உரிமையாளர் பெயர், வீட்டுப் பிறப்பு இறப்புக் குறிப்புகள் வெற்று ஏடுகளில் இருக்கும். நூலைக் கலைத்தால் இந்தத் தடயங்கள் தொலைந்துவிடும். விற்பவருக்கோ தங்கம் இருக்கும் பக்கமே பணம்.

அதனால் விலை மலிவாகத் தெரிந்தாலும், அண்மையில் அறுத்த ஏட்டை வாங்காதீர்கள். மீதி நூல் எங்கே, எப்போது பிரிக்கப்பட்டது என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் விலகிவிடுங்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் சன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து முதலில் இறக்குங்கள். காட்சிக்கு வைக்கும்போது நாங்கள் 50 லக்ஸ் வெளிச்சத்தைத் தாண்டுவதில்லை. தோல் ஈரம் பட்டால் உப்பிவிடும், வறண்டால் சுருங்கும். சாந்து அதோடு அசையாது, விரிசல் விடும். அந்த வீட்டுத் தங்கம் உதிர்ந்ததும் அதனால்தான். செலோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். வெள்ளைக் கையுறையும் வேண்டாம்: விரலுக்கு நிதானம் தெரியாது, நூலிழை வண்ணச் செதிலில் மாட்டும். கழுவி நன்றாகத் துடைத்த கையே போதும். இரு பக்கத்தையும் படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். சுவிட்சர்லாந்தின் ஃபிராக்மென்டேரியம் போன்ற திட்டங்கள் இத்தகைய சிதறல்களை இணையத்தில் சேர்த்துவைக்கின்றன.

அந்தத் தம்பதியின் ஏட்டைப் பின்னட்டையிலிருந்து பிரிக்க மூன்று நாள் ஆனது. பின்பக்கத்தை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. அதில் தங்கம் இல்லை, பதினைந்து வரி செபம் மட்டும். கடைசி வரி சொல்லின் நடுவே நின்றிருந்தது. அந்தச் சொல்லின் மீதி எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று இப்போது அவர்களும் என்னோடு சேர்ந்து தேடுகிறார்கள்.