இரண்டாம் விதைப்புக்கு ஒரு பானை விதை

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஆவணி, புரட்டாசி வாக்கில் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். மழை இறங்கியதும் முளைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. சில வருடங்களில் ஒரே ஒரு மழை பெய்துவிட்டு வானம் வெளுத்துப் போகும். காய்ந்த விதை புழுதியில் வாரக்கணக்கில் காத்திருக்கும். ஆனால் ஈரம் ஏறி முளை வெளியே வந்த பிறகு, காய்ந்து கிடப்பதைத் தாங்கும் அந்தத் திறனை அது இழந்துவிடுகிறது. பத்து நாள் வெயிலில் வயல் முழுக்கக் கருகும். மறுபடி விதைத்தாக வேண்டும். ஏக்கருக்கு 30 கிலோ, அதுவும் அடுத்த மழைக்குள். கடையில் அந்த ரகம் இருக்காது. இருந்தாலும் ஊரே அதே வாரத்தில் கேட்டு நிற்கும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் வருவது. காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெய்தால் கொட்டித் தீர்ப்பது, இல்லையென்றால் நெடுநாள் இடைவெளி என்று மழையின் போக்கு மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த நிலையில் இரண்டாம் விதைப்புக்கு வீட்டில் விதை இருப்பது பயிர்க் காப்பீட்டைவிட உடனடியான காப்பு. கதிரைப் பார்த்து ஒதுக்குவது, உலர்த்துவது, புடைப்பது, பானையில் அடைப்பது, மாதாமாதம் திறந்து பார்ப்பது எல்லாம் பெரும்பாலான வீடுகளில் பெண்களின் வேலை. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதைப் பார்ப்போம்.

விதை உறங்குகிறதே தவிர, மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. சேமித்த மாவுச்சத்தைச் சிறிது சிறிதாக எரித்து, வெப்பத்தையும் நீரையும் வெளியிடுகிறது. ஈரம் கூடினால் மூச்சு வேகமெடுக்கும். அதனால் மேலும் ஈரம், மேலும் சூடு. 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். விதை வல்லுநர் ஹாரிங்டன் சொன்ன விதி எளியது: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வைப்பிடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 5 முதல் 14 சதவீத ஈரம் வரை இது பொருந்தும். அதாவது 14 சதவீதத்தில் அடைத்த விதையை 10 சதவீதத்துக்குக் காய வைத்து அடைத்திருந்தால் 16 மடங்கு ஆயுள். எந்த வேப்பிலையும் நொச்சியும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தருவதில்லை. பாரம்பரிய விதை என்று மேடையில் உருகுகிறோம். ஈரத்தோடு அடைத்தால் மாப்பிள்ளைச் சம்பாவும் செத்துத்தான் போகும்.

எவ்வளவு காய வேண்டும்? விதைச் சான்றளிப்பில் நெல்லுக்கு 13, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களுக்கு 12, பயறு வகைகளுக்கு 9 சதவீதம் என்பது மேல்வரம்பு. காற்றுப் புகாத கலத்தில் அடைப்பதானால் பயறு 8 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். ஈரமானி இல்லாத வீட்டில் பல்தான் கருவி. கடித்தால் நசுங்கினால் ஈரம். ‘டக்’கென்று உடைந்தால் பரவாயில்லை. இன்னும் நம்பகமானது உப்புச் சோதனை. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு விதை, இரண்டு மூன்று மேசைக்கரண்டி வறண்ட உப்பு போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் விட வேண்டும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்றால் 15-க்குக் கீழே என்றுதான் பொருள். விதைக்கு அது போதாது. இன்னும் இரண்டு மூன்று நாள் காய வேண்டும்.

உலர்த்தும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. பச்சை ஈரத்தோடு இருக்கும் விதையைத் தார்ச்சாலையிலோ சிமெண்டுக் களத்திலோ உச்சி வெயிலில் பரப்பினால், விதையின் சூடு 43 டிகிரியைத் தாண்டிக் கரு வெந்துவிடும். வெளியே பார்க்க அழகாகவே இருக்கும், முளைக்காது. காலை 8 முதல் 12 வரையும் பிற்பகல் 3 முதல் 5 வரையும் காய வைத்து, நடுப்பகலில் நிழலுக்கு இழுத்துவிடுவது நல்லது. இரண்டாவது தவறு, சூடு ஆறும் முன் மூடுவது. மாலையில் வெதுவெதுப்பாகக் கொட்டி மூடிய டப்பாவில், இரவில் தகரம் குளிர்ந்ததும் உள்சுவரில் நீர் பூக்கும். ஓரத்தில் மட்டும் கட்டி பிடித்துப் பூசணம் பூத்த விதையைப் பார்த்தால் காரணம் இதுதான்.

காய வைத்ததைத் திறந்து வைத்தாலும் பயனில்லை. விதை ஒரு பஞ்சு மாதிரி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால் நெல் தானாகவே 14 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். கார்த்திகை மழையில் சாக்கில் கிடக்கும் விதைக்கு இதுதான் கதி. மண்பானையின் வாயைச் சாணமும் களிமண்ணும் வைத்துப் பூசுவது பூச்சியைத் தடுக்கும். ஆனால் பானைச் சுவரின் நுண்துளைகள் வழியே ஈரம் ஊடுருவும். பானைதான் வேண்டுமென்றால் உள்ளே தடித்த பாலித்தீன் பையில் கட்டி வைக்கலாம். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் அழகில் குறைவு, வேலையில் மேல்.

கத்தரி, சுரை, அவரை போன்ற கையளவு விதைகளுக்கு ஒரு வழி உண்டு. அரிசியைப் பொன்னிறம் தாண்டி வறுத்து, சூடாகவே பாட்டிலில் அடைத்து ஆறவிட வேண்டும். பிறகு விதையைத் துணிப்பையில் கட்டி, அதே அளவு வறுத்த அரிசி மேல் வைத்து இறுக மூடினால், ஓரிரு வாரத்தில் அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அரிசியை மறுபடி வறுத்துப் பயன்படுத்தலாம்.

பயறு வண்டு கதை வேறு. அது களஞ்சியத்தில் பிறப்பதில்லை, வயலிலிருந்தே வருகிறது. முற்றிய காயின் மேல் முட்டையிட, புழு துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு பெண் வண்டு 80, 100 முட்டை வரை இடும்; சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். அமாவாசைக்கு அமாவாசை பயறை வெயிலில் போடும் வழக்கம் பலித்ததற்கு நிலவைக் காரணம் சொல்லத் தேவையில்லை. மாதம் ஒருமுறை என்ற அந்த இடைவெளி, வண்டின் தலைமுறைக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

உள்ளே இருக்கும் புழுவைக் கொல்ல, ஏற்கெனவே காய்ந்த பயறைக் கறுப்பு விரிப்பில் மெல்லப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை மூடி, ஓரங்களைக் கல்லால் அழுத்தி ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால் போதும். உள்ளே 60 டிகிரியை நெருங்கும். புழுவும் முட்டையும் சாகும். உலர்ந்த கரு இந்தக் குறுகிய சூட்டைத் தாங்கும், ஈர விதை தாங்காது. பின்னர் கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டுக் கையால் பிசறினால், புதிதாக இடும் முட்டைக்கு மூச்சு அடைபடும். சலித்த சாம்பல் இரண்டு வேலை செய்கிறது: விதைகளின் இடுக்கை நிரப்பி வண்டு நடமாட விடாது, அதன் உடல்மேல் உள்ள மெழுகுப் படலத்தைத் தேய்த்து உடலை வறளவைக்கும். மூன்று படி சாம்பலுக்கு நான்கு படி பயறு கலந்து, மேலே இரண்டு விரற்கடை சாம்பல் போர்த்த வேண்டும். ஒரு சிட்டிகை தூவுவது சம்பிரதாயம், அதற்குப் பலன் கிடையாது.

இங்கே ஒரு சிக்கல். கேஸ் அடுப்பு வந்ததும் சாம்பலும் போயிற்று, அடுப்புக்கு மேல் கட்டிய சோளக்கதிருக்குக் கிடைத்த புகையும் போயிற்று. சமைப்பவரின் நுரையீரலுக்கு அது நல்லதே. விதைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். கூரையும் மாறிவிட்டது. ஓலைக் கூரையின் கீழ் பரண் குளிர்ச்சியாக இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்குக் கீழே அதே பரண் சித்திரையில் அடுப்பாகக் கொதிக்கிறது. ஐந்து டிகிரிக்கு ஒரு பாதி ஆயுள் போகும் என்ற விதி இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. வெள்ளம் வரும் ஊரில் தரையும் ஆகாது. உள்ளறையில், வெயில் படாத சுவரோரம், இடுப்பு உயர மேடைதான் இடம்.

எதை விதையாக எடுப்பது என்பதும் அறிவியலே. வரப்போரச் செடி பெரிதாக இருப்பது இடமும் ஈரமும் கிடைத்ததால். குணத்தால் என்று நம்பிவிடக் கூடாது. வயலின் நடுவே, அக்கம்பக்கத்துச் செடி வாடியபோதும் மணி நிறைத்த கதிர்களையே எடுக்க வேண்டும், குறைந்தது 50, 100 செடிகளிலிருந்து. பெரிய கதிராகவே பொறுக்கினால் நாளடைவில் தாமதமாக முற்றும் செடிகளே மிஞ்சும் ஆபத்து உண்டு. தினைக்கு இப்படி எடுத்தால் போதும், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். கம்பு அப்படியல்ல, 200 மீட்டருக்குள் வேறு ரகம் இருந்தால் கலந்துவிடும்.

மழை ஒரு மாதம் பிந்தினால் அதே பயிரை மறுபடி விதைப்பதிலும் பொருளில்லை. 70 நாள் வாக்கில் வரும் பனிவரகு, 80, 85 நாள் தினை, 65 நாள் பாசிப்பயறு ஆகியவற்றுக்கு மாற வேண்டும். தினைக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதைதான். ஒரு பானையில் அடங்கும். கொல்லிமலையில் தொம்பை எனும் குதிர்களில் சேமித்த கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்ற ரக வரிசையின் பயன் இதுதான்: ஒன்று சீக்கிரம் முற்றும், மற்றொன்று தாமதமாக. ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியதும் சாமைக் காடுகள் சுருங்கின, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஊர் விதை வங்கிகளுக்கு உதவியது.

வங்கி என்றதும் கட்டடம் கட்ட ஓடுகிறார்கள். முதலில் வேண்டியது மூடி இறுகும் பத்து டிரம்மும் ஒரு பதிவேடும். ஒரு படி விதை கடன் வாங்கியவர் அறுவடையில் ஒன்றரை படியாகத் திருப்புவது போன்ற ஏற்பாடு எளிது. திரும்ப வருவது தின்னும் தானியமாக இருந்துவிடுவதுதான் தொல்லை. வாங்கும் முன் உப்புப் பாட்டிலைக் குலுக்கிப் பார்க்காத வங்கி இரண்டு வருடத்தில் தானியக் கிடங்காகிவிடும். வறட்சி ஊர் முழுவதையும் ஒன்றாகத் தாக்கும் என்பதால், ஒரு விதைப்புக்குத் தேவையான இருப்பைக் கடன் கொடுக்காமல், வேறு மழை பெறும் பக்கத்து ஊரிலும் பிரித்து வைக்க வேண்டும். சொந்த விதையைச் சேமிக்க, பரிமாற, பிராண்டு பெயர் போடாமல் விற்க 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 39-ஆம் பிரிவில் இடம் தந்திருக்கிறது. பட்டா கணவர் பெயரில் இருப்பதால் பயிற்சிக்கு அழைப்பும் அவருக்கே போகிறது. விதையீரம் பற்றிய பாடத்தைக் கேட்பவர் ஒருவர், டிரம்மை மூடுபவர் இன்னொருவர். பயிற்சியைக் களத்திலேயே, காய வைக்கும் வாரத்தில் வைத்தால் இந்தக் கோளாறு பாதி தீரும். நாட்டு விதைகளைச் சேமித்த மகாராஷ்டிரத்தின் ராஹிபாய் போபெரெவுக்கு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கொடுத்தோம். களத்துக்கு வருவது அதைவிட மலிவு.

விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு கடைசிச் சோதனை. கைபோன போக்கில் 100 விதை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வர வேண்டும். பயறை 8-ஆம் நாள், தினையை 10-ஆம் நாள், நெல்லை 14-ஆம் நாள் எண்ணலாம். வேரும் தண்டும் நேராக வந்தவை மட்டுமே கணக்கு. 80 வந்தால் வழக்கமான அளவு. 60 என்றால் மூன்றில் ஒரு பங்கு கூட்டி விதைக்கலாம். 50-க்குக் கீழே போனால் வயலில் இன்னும் குறையும், ஏனென்றால் வயதான விதைக்கு மண்ணைப் பிளக்கும் வலு இருக்காது. அது உலைக்குப் போகட்டும், சாம்பல் மட்டும் கலந்திருந்தால். பூச்சிமருந்து கலந்த விதையை எத்தனை முறை கழுவினாலும் அடுப்படிக்குக் கொண்டுபோகக் கூடாது.