கீவில் இருப்பதால் கீவில் எழுதியதாகிவிடாது

‘கீவ் ஏடுகள்’ என்ற பழைய ஸ்லாவியச் சுவடியின் பெயரைப் பார்த்ததும் ‘பிறப்பிடம்: உக்ரைன்’ என்று சுவடிப் பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த பட்டியலில் அதே பிழை. பெயரில் உள்ள ஊர், சுவடி இப்போது இருக்கும் இடம் அல்லது அது கிடைத்த இடம். எழுதிய இடம் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த ஏடுகளையே பாருங்கள். ஏழே ஏழு தோல் ஏடுகள், கிளகோலிட்டிக் (ஸ்லாவிய மொழிக்கு முதலில் உருவான எழுத்துமுறை) எழுத்து, 10ஆம் நூற்றாண்டு. எருசலேமில் ரஷ்யத் திருச்சபைத் தூதகத்தின் தலைவராக இருந்த அந்தோனின் கபுஸ்தின் கண்டெடுத்து, 1872இல் கீவ் இறையியல் கல்விக்கழகத்துக்குக் கொடுத்தார். கீவ் உறவு அவ்வளவுதான். உள்ளே இருப்பதோ லத்தீனிலிருந்து பெயர்த்த ரோமானியத் திருப்பலி மன்றாட்டுகள். ‘உதவி’ என்ற சொல்லைப் பல்கேரிய மரபுச் சுவடிகள் ‘பொமோஷ்ட்’ என்று எழுதும், இதில் ‘பொமோத்ஸ்’. இன்றைய செக் மொழியிலும் அப்படித்தான். ஆகவே மொழி காட்டுவது இன்றைய செக் நாட்டின் கிழக்கிலுள்ள மொராவியா பக்கம். முதல் பக்கம் மட்டும் பிற்காலக் கை. அதை வைத்து ஏழுக்கும் காலம் குறிக்காதீர்கள்.

சுப்ராசல் சுவடி போலந்து மடத்தில் 1823இல் கிடைத்தது, மொழி பழைய பல்கேரியம். அதன் 285 ஏடுகளும் இன்று லுபிலியானா, வார்சா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என மூன்று ஊர்களில். எந்த ஊரைப் பிறப்பிடமாக எழுதுவீர்கள்?

இப்படிப்பட்ட சுவடியின் துணுக்கு கையில் கிடைத்தால் முதலில் மூக்கொலி உயிரெழுத்துகளை, அதாவது பழைய ஸ்லாவியத்தில் மூக்கால் ஒலித்த இரண்டு உயிர்களின் எழுத்துகளைத் தேடுங்கள். அவற்றின் இடத்தில் ‘உ’வும் ‘யா’வும் நுழைந்திருந்தால் கிழக்கு ஸ்லாவியக் கை. ‘உ’வும் ‘எ’யும் என்றால் செர்பியக் கை. இரண்டு மூக்கொலிகளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாறிக் கிடந்தால் நடுக்காலப் பல்கேரியம். ஒரே ஒரு இடத்தை நம்பவேண்டாம்: படியெடுப்பவர் மூலத்தின் எழுத்தை அப்படியே காப்பாற்றவும் செய்வார், அவசரத்தில் தன் பேச்சையும் கசியவிடுவார். எண்ணிப் பார்த்து, விகிதம் சொல்லுங்கள்.

எண்களையும் விடாதீர்கள். இந்தச் சுவடிகளில் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும். கிளகோலிட்டிக்கில் ‘பூக்கி’ என்ற எழுத்து 2, ‘வேதி’ என்ற எழுத்து 3. இன்றைய ரஷ்ய, பல்கேரிய எழுத்தின் மூலமான சிரிலிக்கில் ‘பூக்கி’க்கு எண் மதிப்பே கிடையாது, ‘வேதி’தான் 2. சிரிலிக் சுவடியில் 3 வரவேண்டிய இடத்தில் ‘வேதி’ நின்றால், மூலம் கிளகோலிட்டிக்காக இருந்திருக்கக் கூடும் என்று சந்தேகப்படுங்கள். பட்டியல்காரர்கள் இதைப் ‘பிழை’ என்று திருத்திப் பதிப்பிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பழைய புத்தக அட்டைக்குள் ஒட்டியிருக்கும் துணுக்கைத் தயவுசெய்து உரிக்காதீர்கள். அட்டை கட்டிய ஊரும் காலமும்தான் அந்த ஏடு எப்போது, எங்கே கழிவாகி அட்டைக்குள் போனது என்பதற்குச் சான்று. உரித்தால் பசையோடு மையும் போகும். தாய்ப் புத்தகத்தின் எண், துணுக்கு இருக்கும் பக்கம், மடிப்பு, தையல் துளைகள் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்து முதலில் படம் எடுங்கள். மங்கிய எழுத்துக்கு எதையும் தடவவும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் மாசிக்காய் போன்ற துவர்ப்புப் பொருள்களின் சாற்றைத் தடவியவர்களுக்கு ஒரு நாள் எழுத்து தெரிந்தது, பிறகு அந்த இடமே கறுத்துப்போனது. பக்கவாட்டில் சாய்த்த வெளிச்சம் போதும், கோடு கீறிய தடமும் தெரியும். வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாம், நூல் மையில் மாட்டும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

பட்டியலில் ‘கிடைத்த இடம்’, ‘இருக்கும் இடம்’, ‘எழுதிய இடம்’ என மூன்று கட்டங்கள் போடுங்கள். மூன்றாவது காலியாகவே இருந்தாலும் பரவாயில்லை.